பாட்டி பாடின ஃபைல் எங்கே போச்சு? தமிழில் ஃபைலுக்குப் பேர் வைக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய 255 கணக்கு!

ஸ்ரீரங்கத்தில் மார்கழி பிறந்துட்டா தெருவே நாலரை மணிக்கு முழிச்சுக்கும். 2019 மார்கழி முதல் நாள் எங்க பாட்டி குளிச்சுட்டு வந்து, கூடத்தில் விளக்குக்கு முன்னாடி உட்கார்ந்து திருப்பாவை பாடினாங்க. மாமா ரேழியில் நின்னபடியே ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணினார். பின்னணியில் குக்கர் சத்தம், வாசல்ல யாரோ சைக்கிள் நிறுத்துற சத்தம் எல்லாமே அதில் இருக்கும். அதுக்கு அடுத்த மார்கழிக்கு பாட்டி இல்லை.

மாமா ஒரு ஃபைலுக்குப் பேர் வெச்சார்னா, கூரியர் கவர்ல அட்ரஸ் எழுதுற மாதிரிதான் வைப்பார். எதையும் விடமாட்டார். அந்த ரெக்கார்டிங்குக்கு அவர் வெச்ச பேர் இது:

'ஸ்ரீரங்கம் வீட்டில் பாட்டி பாடிய திருப்பாவை ஒலிப்பதிவு மார்கழி முதல் நாள் அதிகாலை ஐந்து மணி'

கடைசியில் ஒரு புள்ளி, அப்புறம் எம்பி3. பாட்டி போனதுக்கு அப்புறம் நான் அதை என் லேப்டாப்பில் வெச்சிருந்தேன். ஒருநாள் ராத்திரி என்னவோ தோணி, பேருக்கு முன்னாடி 'கடைசி'னு ஒரு சொல் மட்டும் சேர்த்தேன். லேப்டாப் ஒண்ணும் சொல்லலை.

பிறகு லேப்டாப்பில் இடம் பத்தலைன்னு குடும்ப போட்டோ, ஆடியோ எல்லாத்தையும் 'கட்' பண்ணி பென்டிரைவுக்கு மாத்தினேன். அங்கிருந்து புது ஃபோனுக்கு 'மூவ்'. அறுநூத்துச் சொச்சம் ஃபைல்கள். முடிஞ்சதும் ஃபோன் ஒரு குட்டிச் செய்தி காட்டுச்சு: ஒரு ஃபைலை நகர்த்த முடியலையாம். எந்த ஃபைல், ஏன் முடியலைன்னு எதுவும் இல்லை. அறுநூறுல ஒண்ணுதானே, ஏதோ கரப்ட் ஆன போட்டோவா இருக்கும்னு 'ஓகே' தட்டிட்டேன். பென்டிரைவை ஃபார்மட் பண்ணி சித்தி பையன்கிட்ட கொடுத்தேன். அவன் அன்னிக்கே அதில் படங்களை நிரப்பிட்டான்.

வராமப்போன அந்த ஒண்ணுதான் பாட்டி.

இதில் ஃபோனும் உடையலை, பென்டிரைவும் கெடலை, வைரஸும் கிடையாது. பேர் நீளமா இருந்தது, அவ்வளவுதான். 'அது அவ்வளவு ஒண்ணும் நீளம் இல்லையே'ன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சுது.

ஃபோன் எண்ணுவது எழுத்தை இல்லை

ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள்ளே ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு ஃபைலோட பேர் அதிகபட்சம் 255 பைட் வரைக்கும்தான் இருக்கலாம். அது என்ன 255? பூஜ்ஜியத்தில் ஆரம்பிச்சு ஒரே ஒரு பைட்டுக்குள் எழுதக்கூடிய அதிகபட்ச எண் அது. லினக்ஸின் எக்ஸ்ட்4 மாதிரியான ஃபைல் சிஸ்டத்தில், 'இந்தப் பேரின் நீளம் இவ்வளவு'ன்னு குறிச்சுவைக்க ஒதுக்கியிருக்கும் இடமே ஒரு பைட்தான். அதுக்கு மேலே எண்ணவே அதுக்கு வழி கிடையாது.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். அதனால 255 எழுத்து தாராளமா எழுதலாம். அவ்வளவு நீளமா யாரும் எழுதுறதும் இல்லை. அதனாலதான் இந்தப் பிரச்னையைப் பத்தி ஆங்கிலத்தில் பேர் வைக்கிறவங்க அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க.

தமிழ்ல கதை வேற. யூனிகோடில் தமிழுக்கான ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுத்துக்கும். இந்தி, மலையாளம், சிங்களம் எல்லாத்துக்கும் இதே 3தான். யூடிஎஃப்-8 பிறந்தது 1992 செப்டம்பரில். நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் போடுற காகிதத்தில், ராப் பைக் பக்கத்தில் இருக்க கென் தாம்ப்சன் வரைஞ்ச திட்டம் அது. பழைய ஆங்கில ஃபைல்கள் ஒரு பைட்கூட மாறாம அப்படியே ஓடணும் என்பது அதோட முக்கியமான நிபந்தனை. அதனால சின்ன எண்களெல்லாம் ஆங்கிலத்துக்குப் போச்சு. பெரிய எண்களில் இருந்த நமக்கு மூணு பைட். சதி எல்லாம் இல்லை. அந்த முறை மட்டும் வராம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க ஒரே மெசேஜில் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிக்கிறது இவ்வளவு சுலபமா இருந்திருக்காது.

இதோட முடியலை. கம்ப்யூட்டருக்கு 'பா' என்பது ஓர் எழுத்து இல்லை. 'ப' ஒரு குறி, கால் ஒரு குறி. மெய்யெழுத்துக்கும் அப்படித்தான்: 'ம்' என்றால் 'ம' ஒண்ணு, புள்ளி ஒண்ணு. நம்ம 247 எழுத்தில் உயிர் 12, 'க, ங, ச' மாதிரி அகரம் ஏறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 எழுத்துக்கு மட்டும்தான் ஒரு குறி. மிச்சம் 216 எழுத்துக்கும் ரெண்டு குறி, அதாவது ஆளுக்கு 6 பைட். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறி தரும் 'டேஸ்16' என்ற முறையை 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரிச்சது. ஆனா நம்ம கையில இருக்கிற ஃபோன்கள் ஓடுவது யூனிகோடில்தான்.

நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்கோங்க. 'திருச்சிராப்பள்ளி' கண்ணுக்கு 9 எழுத்து. குறிகள் 17. பைட் கணக்கில் 51. இடைவெளிகூட விடாம அஞ்சு தடவை எழுதினா சரியா 255! அதுக்கு மேல ஃபைலுக்கு எம்பி3-ன்னு வால் வைக்கக்கூட இடம் இருக்காது.

இப்போ மாமாவோட பேருக்கு வருவோம். எழுத்துகள் 44. குறிகள் 80, அதுக்கு 240 பைட். நடுவில் இடைவெளிகள் 11, அதுக்கு 11 பைட். கடைசியில் புள்ளியோட சேர்த்து ஆங்கிலத்தில் எம்பி3, அதுக்கு 4. மொத்தம் 255. விளிம்பு வரைக்கும் தளும்ப ஊத்தின காபி டம்ளர் மாதிரி, சரியா 255! மாமா இதையெல்லாம் எண்ணி வைக்கலை. அப்படி அமைஞ்சது, அதனால அவர் ஃபோனில் அது பத்திரமா இருந்தது. நான் சேர்த்த 'கடைசி'க்கு 15 பைட், ஓர் இடைவெளி. 271 ஆச்சு.

அப்படின்னா லேப்டாப் ஏன் தடுக்கலை? விண்டோஸும் 255-ன்னுதான் சொல்லும். ஆனா அது எண்ணுவது பைட்டை இல்லை, குறிகளை. அதோட கணக்கில் என் ஃபைலின் பேர் இடைவெளி, வால் எல்லாம் சேர்த்தே 101தான். பாதிகூட ஆகலை. பென்டிரைவில் சாதாரணமா இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ரெண்டும் விண்டோஸ் கட்சி. அதனால லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கு சிக்கல் இல்லாம வரும். பென்டிரைவிலிருந்து ஃபோனுக்குள்ளே நுழையும்போதுதான் வாசல்ல தலை இடிக்கும். லினக்ஸ் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

40 எழுத்து, அதுக்குள்ளே நிறுத்திக்கோங்க

ஒவ்வொரு தடவையும் குறி எண்ணிட்டிருக்க முடியாது. ஒரு குத்துமதிப்புக் கணக்கு சொல்றேன். கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்துகளை ஆறால் பெருக்குங்க. உண்மையான பைட் பெரும்பாலும் அதைவிடக் குறைவாத்தான் வரும். அப்படிப் பார்த்தா 40 எழுத்துதான் எல்லை. நான் இப்போ 30-லேயே நிறுத்திக்கிறேன். ஏன்னா, பேரோட நீளம் எப்பவும் உங்க கையில மட்டும் இல்லை. அதே பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தா ஃபைல் மேனேஜர் தானா பின்னாடி அடைப்புக்குறிக்குள் 1-ன்னு போடும். இடைவெளியோட சேர்த்து அது 4 பைட். விண்டோஸ் 'காப்பி'ன்னு ஒரு சொல்லை ஒட்டும். மாமாவோட ஃபைலை அதே ஃபோல்டரில் இன்னொரு தடவை காப்பி எடுத்திருந்தாலே முட்டிக்கிட்டிருக்கும்.

சில ஆப்கள் முட்டாது, அதுக்குப் பதிலா பேரை வெட்டும். ஆண்ட்ராய்டில் நடுவில் கத்தரிச்சு மூணு புள்ளி வைக்கிற பழக்கம் உண்டு. அது எழுத்து பார்த்து வெட்டாது, குறி பார்த்து வெட்டும். அதனால 'பா'வில் 'ப' போய், கால் மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு தனியா நிக்கும். அந்த மாதிரி ஒரு பேரைப் பார்த்தா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. உள்ளே இருப்பது பத்திரமா இருக்கும். பேரை மட்டும் மாத்தினா போதும்.

ஸ்மைலி பிரியர்களுக்கும் ஒரு தகவல். சாதாரண ஸ்மைலி ஒண்ணு 4 பைட். அப்பா, அம்மா, பொண்ணு, பையன் சேர்ந்து நிக்கிற குடும்ப ஸ்மைலி இருக்கே, அது நாலு பேரையும் கண்ணுக்குத் தெரியாத மூணு ஒட்டுக்குறிகளால் கோத்தது. மொத்தம் 25 பைட். 'திருச்சி'யைவிட (24) அது ஒண்ணு அதிகம்! வாட்ஸ்அப் மெசேஜிலிருந்து ஒரு வரியைக் காப்பி பண்ணி அப்படியே பேராப் போடும்போது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வரும். கையால அடிக்கிறது நல்லது.

ரெண்டு ஸ்ரீரங்கம் இருக்கு, தெரியுமா?

இது நீளத்தைப் பத்தி இல்லை. ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் கிடைச்ச ஸ்பெஷல் தலைவலிங்கிறதால இங்கேயே சொல்லிடுறேன். இந்த ரெண்டு பேரையும் பாருங்க: ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம். உங்க ஃபோன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனா ரெண்டும் வேற வேற. முதல்ல இருப்பது 'ஸ'வில் ஆரம்பிக்குது. ரெண்டாவது, 2005-ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் ஆரம்பிக்குது. சில கீபோர்டு ஒண்ணைத் தரும், சில கீபோர்டு இன்னொண்ணை.

விளைவு? ஒரே இடத்தில், பார்க்க ஒரே பேர்ல, ரெண்டு ஃபோல்டர் உருவாகும். 'இதே பேர்ல இருக்கே, மேலே எழுதட்டுமா?'ன்னு ஃபோன் கேட்கவும் கேட்காது. பாதி போட்டோ ஒண்ணுல, மீதி இன்னொண்ணுல. தேடினா ஒரு பக்கம்தான் கிடைக்கும். 'ஸ்ரீரங்கம்'னு தேடி ஒரு ஃபைல் கிடைக்கலைன்னா உடனே போயிடுச்சுன்னு முடிவு பண்ணாம, 'ரங்கம்'னு மட்டும் தேடிப் பாருங்க. ரெண்டுமே வந்து நிக்கும். எது எந்த 'ஸ்ரீ'ன்னு சந்தேகமா இருந்தா, ரீநேம் பண்ற இடத்துக்குப் போய்க் கடைசியிலிருந்து ஒவ்வொரு குறியா அழிச்சுட்டு வாங்க. கடைசியா மிஞ்சும் எழுத்து காட்டிக்கொடுத்துடும். பார்த்துட்டு 'கேன்சல்' பண்ண மறந்துடாதீங்க!

சுஜாதா இருந்திருந்தா இதை வெச்சே ஒரு பக்கம் எழுதியிருப்பார்னு அடிக்கடி நினைச்சுப்பேன். வளர்ந்தது ஸ்ரீரங்கம், வேலை பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (நம்ம திருவெறும்பூர் பெல் இல்லை, பெங்களூரு பெல்), எழுதினது தமிழில் கம்ப்யூட்டர். இந்த 'ஸ்ரீ' பஞ்சாயத்துக்கு அவரைவிடப் பொருத்தமான நடுவர் கிடைக்க மாட்டார்.

விண்டோஸில் வேற ஒரு வாசல்

விண்டோஸில் தமிழ்ப் பேர் தாராளமா நுழையும்னு சொன்னேன். ஆனா அங்கே முட்டுவது பேர் இல்லை, பாதை.

ராஜகோபுரத்தில் நுழைஞ்சு பெருமாளைப் பார்க்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். சித்திரை வீதி, உத்தர வீதி, ரங்கா ரங்கா கோபுரம், கார்த்திகை கோபுரம், ஆர்யபட்டாள் வாசல்னு ஒவ்வொண்ணா தாண்டி, ஏழு பிரகாரத்துக்கு உள்ளே போகணும். விண்டோஸில் ஃபைல் இருக்கும் இடமும் அப்படித்தான். டிரைவ், அதுக்குள் யூசர், அதுக்குள் டெஸ்க்டாப், அதுக்குள் 'குடும்பம்', அதுக்குள் 'பாட்டி'. இந்த வாசல்களோட பேர் எல்லாத்தையும் கூட்டி, கடைசியில் ஃபைலின் பேரையும் சேர்த்து 260 குறிக்குள் இருக்கணும்னு விண்டோஸ் ரொம்ப காலமா ஒரு சட்டம் வெச்சிருக்கு. அதனாலதான் ஃபைலின் பேர் சின்னதா இருந்தும் சில நேரம் 'பாதை ரொம்ப நீளம்'னு திட்டு வாங்குறீங்க.

இதில் அதிகம் மாட்டுறது ஜிப் ஃபைல்கள். 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுத்தா ஜிப்போட பேர்லேயே ஒரு ஃபோல்டர் உருவாகும். அதுக்குள்ளே திரும்பவும் அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர் இருக்கும். நீளம் ரெட்டிப்பு. இதுக்கு வைத்தியம் ரொம்ப சுலபம். ஜிப்பை டி டிரைவுக்கு நேரடியா தூக்கிட்டுப் போய், 'அ'ன்னு ஒரே எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கே பிரிங்க. உத்தர வீதியில் சுத்தாம கோபுர வாசல்லேயே வேலை முடிஞ்சிடும். 2016-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இந்த 260-ஐத் தளர்த்த ஒரு செட்டிங் கொடுத்தாங்க. ஆனா அதை நாமதான் ஆன் பண்ணணும், ஒவ்வொரு புரோகிராமும் அதை ஏத்துக்கவும் செய்யணும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிஞ்சவங்க விண்டோஸ் கூடவே வரும் 'ரோபோகாப்பி'யைப் பயன்படுத்தலாம். அது நீண்ட பாதைக்கெல்லாம் மிரளாது.

பேரே வைக்க முடியாம போற சில இடங்களும் உண்டு. விண்டோஸில் சாய்கோடு, முக்கால்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் இதெல்லாம் ஃபைல் பேரில் வரக் கூடாது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்கும் பொறுப்பு இப்போ வீட்டுக்கு வீடு உங்க தலையில்தானே இருக்கு? சர்வே நம்பர் 214/3-ன்னு பேர் வைக்கப் போனா சாய்கோட்டில் நிக்கும். 214-3-ன்னு வைங்க. 'காலை 5:00'ல இருக்கும் முக்கால்புள்ளியும் அப்படித்தான்.

அப்போ எப்படிப் பேர் வைக்கலாம்?

தமிழில் வைக்காதீங்கன்னு சொல்ல வரலை. பாட்டியை 'ஆடியோ 0007'னு கூப்பிட எனக்கும் மனசு வராது. ஊர்ப் பேரை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கலாம். அதுக்கு நாம எதையும் புதுசா கண்டுபிடிக்க வேண்டாம், ரயில்வே எப்பவோ பண்ணிவெச்சிடுச்சு. திருச்சி ஜங்ஷனுக்கு டி, பி, ஜே. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு எஸ், ஆர், ஜி, எம். ஆங்கிலத்தில் எழுதினா 3 பைட், 4 பைட். பின்கோடும் நல்ல வழி. 620006-ன்னு போட்டா ஆறே பைட், ஸ்ரீரங்கத்துக்காரங்க யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதையே தமிழில் 'ஸ்ரீரங்கம்'னு எழுதினா 30.

தேதியை முதல்ல போடுங்க. வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில். அப்படிப் போட்டா ஃபைல்கள் தானாவே கால வரிசையில் நிக்கும். அதுக்கப்புறம் ஊர்க் குறி, யார், என்ன. பாட்டியோட ஃபைலுக்கு இப்படி வெச்சிருக்கலாம்: முதலில் 2019-12-17, அடுத்து ஆங்கிலத்தில் ஸ்டேஷன் குறி, அப்புறம் 'பாட்டி', 'திருப்பாவை'. நடுவில் அடிக்கோடு. வாலோட சேர்த்து மொத்தம் 69 பைட். இன்னும் 186 மிச்சம் இருக்கு.

'ஆனா அதிகாலை ஐந்து மணிங்கிற விவரம் போயிடுமே'ன்னு மாமா கேட்பார். நியாயமான கேள்வி. அந்த விவரத்துக்கு ஃபைலோட பேர் சரியான இடம் இல்லை. எம்பி3 ஃபைலுக்குள்ளேயே தலைப்பு, குறிப்பு எழுத இடம் உண்டு. போட்டோ ஆப்களில் 'டிஸ்கிரிப்ஷன்' இருக்கு. அது எதுவும் வேண்டாம்னா, அதே ஃபோல்டரில் 'விவரம்'னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டு எழுதுங்க. யார் பாடினது, யார் ரெக்கார்ட் பண்ணினது, பின்னாடி கேட்கிற சைக்கிள் யாரோடது, எல்லாத்தையும் எழுதலாம். அங்கே 255 தடை கிடையாது. 1998-லிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி இலவசமா தரும் 'மதுரைத் திட்டம்' பண்ணுவதும் இதுதான். ஃபைலுக்கு வெறும் எண், நூலோட முழுப் பேரும் விவரமும் ஒரு பட்டியலில். எத்தனை கணினி மாறினாலும் அந்தப் பேர்கள் எங்கேயும் முட்டாது.

ஏற்கெனவே நீளமா பேர் வெச்சாச்சுன்னா? காப்பி பண்றதுக்கு முன்னாடி, ஃபைல் இப்போ எங்கே இருக்கோ அங்கேயே ரீநேம் பண்ணுங்க. லேப்டாப்பில் இருக்கும்போதே சுருக்குறது சுலபம். பென்டிரைவோட ஃபோனுக்கு வந்து நின்ன பிறகு சில ஃபைல் மேனேஜர்கள் ரீநேம் பண்ணவும் தகராறு பண்ணும். சுருக்கும்போது புள்ளிக்கு அப்புறம் இருக்கும் எம்பி3, ஜேபிஜி, பிடிஎஃப் வாலில் கைவெக்காதீங்க. அதை அழிச்சா எந்த ஆப்ல திறக்கணும்னு ஃபோனுக்குத் தெரியாது.

நான் சறுக்கினது வேற இடத்திலேயும்

நீளமான பேர் ஃபைலை நிறுத்தி வெச்சது, அவ்வளவுதான். அழிச்சது நான்தான். 'கட்', 'மூவ்' ரெண்டையும் முக்கியமான ஃபைல்களுக்குத் தொடவே தொடாதீங்க. காப்பி பண்ணுங்க. முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டரோட 'ப்ராப்பர்ட்டீஸ்' அல்லது 'டீட்டெயில்ஸ்' பாருங்க. ஃபைல்களின் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். மொத்த அளவு இங்கேயும் அங்கேயும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம், எண்ணிக்கை மாறக் கூடாது. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபிடிச்சுட்டுத்தான் பழைய இடத்தில் அழிக்கணும். 'மூவ்' முடிஞ்ச பிறகும் பழைய ஃபோல்டர் அங்கேயே நின்னா, 'காலி ஃபோல்டர்தானே'ன்னு அழிச்சுடாதீங்க. பெரும்பாலும் உள்ளே எதையோ வெச்சுக்கிட்டுத்தான் அது போகாம நிக்கும். என் பென்டிரைவில் அப்படி ஒரு ஃபோல்டர் நின்னுச்சு. திறந்துகூடப் பார்க்கலை.

தெரியாம ஃபார்மட் பண்ணிட்டீங்கன்னா, அந்த நிமிஷத்திலிருந்து அந்த பென்டிரைவில் எதையும் எழுதாதீங்க. சாதாரண ஃபார்மட்டில் பட்டியல்தான் அழியும், உள்ளே இருப்பது புதுசா ஏதாவது மேலே எழுதப்படும் வரைக்கும் அப்படியே கிடக்கும். 'ஃபோட்டோரெக்' மாதிரி இலவச மென்பொருளால் தேடி எடுக்கலாம். போட்டோன்னு பேர் இருந்தாலும் ஆடியோவையும் எடுத்துத் தரும். எடுத்துத் தரும்போது பழைய பேர்கள் இருக்காது, வரிசையா எண்கள்தான் இருக்கும். ஒவ்வொண்ணா திறந்து கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். நான் மூணு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். கிடைச்சதெல்லாம் சித்தி பையனோட படங்கள்.

மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவரோட பழைய ஃபோன் எக்ஸ்சேஞ்சில் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. "டேய், அது உன்கிட்ட பத்திரமா இருக்கோல்லியோ?"ன்னு ஒவ்வொரு மார்கழிக்கும் கேட்பார். நானும் தலையாட்டுவேன். போன வருஷம் அவரே கேட்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அத்தைக்கு அன்னிக்கே கொஞ்சூண்டு அனுப்பினேன்டா, வாட்ஸ்அப்ல. அவகிட்ட கேட்டுப் பாரேன்"னார்.

அத்தை சிங்கப்பூரில் இருக்காங்க. ஃபோன் மாத்தினாலும் வாட்ஸ்அப்பை அழிக்காத ரகம். தேடி எடுத்து அனுப்பினாங்க. முழுப் பாட்டு இல்லை, 40 செகண்ட்தான். குக்கர் சத்தம் இருக்கு. சைக்கிள் வரைக்கும் போகலை. ஃபைலோட பேரை ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பே வெச்சிருந்தது: ஏயூடி, ஒரு கோடு, 20191217, ஒரு கோடு, டபிள்யூஏ0004. வாலோட சேர்த்து 23 பைட். பார்க்க அவ்வளவு அழகில்லாத பேர். மூணு ஃபோன் தாண்டி, ஒரு இடத்திலும் முட்டாம வந்திருக்கு.

அதைத் திருச்சியில் என் லேப்டாப்பில் ஒண்ணு, ஃபோனில் ஒண்ணு, மாமா ஃபோனில் ஒண்ணுன்னு மூணு இடத்தில் வெச்சிருக்கேன். 69 பைட் பேர்தான். மாமா அவரோட பிரதிக்கு மட்டும் பின்னாடி 'அதிகாலை ஐந்து மணி'ன்னு சேர்த்துக்கிட்டார். எண்ணிப் பார்த்தேன், 117 வருது. இருக்கட்டும்னு விட்டுட்டேன்.